மோதாத தங்கம் காட்டிக்கொடுத்த பிழை

பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு முழுக்க எனக்கு ஒரே வேலை: இரண்டு தங்க அணுக்கருக்களைக் கணினியில் மோதவிட்டு, உடைந்த துண்டுகளை எண்ணுவது. ஆற்றல், நியூக்ளியானுக்கு (கருவிலுள்ள ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு) 600 எம்இவி, அதாவது 600 மெகா எலக்ட்ரான்வோல்ட். ஒப்பிட்டுப் பார்க்க, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் அலாடின் குழு அளந்த தரவு இருந்தது.

இயற்பியலாளர் ஐக்கெலினும் சகாக்களும் வளர்த்தெடுத்த க்யூஎம்டி (குவாண்டம் மூலக்கூறு இயக்கவியல்) என்ற கணினி மாதிரியை ஓட்டினால், 394 நியூக்ளியான்களும் எங்கே இருக்கின்றன, எந்த உந்தத்தில் போகின்றன என்பது கிடைக்கும். எது எதோடு சேர்ந்து துண்டானது என்று அது சொல்லாது. நாம்தான் பிரிக்க வேண்டும். வழக்கமான வழி, மோதல் ஓய்ந்து ஏறத்தாழ 10⁻²¹ நொடி ஆனதும், 4 ஃபெர்மிக்குள் (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்) இருப்பவற்றைப் பூச்சரம்போல ஒன்றோடொன்று கோத்து ஒரே துண்டாக எடுப்பது.

நாகமலை புதுக்கோட்டை ரூமில் ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் கரண்ட் போவதற்குள் ஃபைலைக் காப்பி எடுத்துவிடுவேன். முதல் வரைபடமே அலாடின் புள்ளிகளை ஒட்டி வந்தது. லித்தியத்திலிருந்து துத்தநாகம்வரை, அதாவது மின்னூட்டம் 3 முதல் 30 வரையான நடுத்தரத் துண்டுகளின் எண்ணிக்கை, நேருக்கு நேர் மோதலிலிருந்து ஓரம் உரசும் மோதலுக்கு நகர நகர ஏறி, பிறகு இறங்கியது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சீனியர் அக்காவுக்கு அனுப்பினேன். போனில் ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, மோதவே விடாம ஒரு தங்கத்தை மட்டும் சும்மா உட்கார வச்சு எண்ணிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அன்றே ஓட்டினேன். ஒரே துண்டாக வர வேண்டிய 197 நியூக்ளியான்கள் பதினொன்றாக வந்தன.

பிழை கோக்கும் இடத்தில் இருந்தது. முதல் நியூக்ளியானுக்கு 4 ஃபெர்மிக்குள் இருப்பதைச் சேர்த்ததும் என் நிரல் அந்தத் துண்டை மூடிவிட்டது. சேர்ந்தவற்றின் பக்கத்தில் இருப்பவற்றை அது தேடவே இல்லை. தங்கக்கருவின் குறுக்களவு சுமார் 14 ஃபெர்மி. ஒரு மையத்திலிருந்து 4 ஃபெர்மிக்குள் நாற்பது சொச்சம் நியூக்ளியான்கள்தான் அடங்கும். உடையாமல் தப்பிய பெரிய மிச்சத்தை நானே வெட்டிவிட்டு, நடுத்தரத் துண்டுகள் என்று எண்ணியிருக்கிறேன்.

திருத்தியதும் சும்மா இருந்த தங்கம் 195 ஆக நின்றது. இரண்டு மட்டும் கசிந்து போயின. இந்த மாதிரியில் அந்த அளவு கசிவு சகஜம். ஆனால் என் அழகான வரைபடம் சரிந்துவிட்டது, ஓர மோதல்களில் அலாடின் புள்ளிகளுக்கு வெகு கீழே. ரொம்ப வலித்தது.

தூரத்தை மட்டும் பார்க்கும் இந்த முறைக்கே அந்தக் குறை உண்டென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1993இல் டார்சோவும் ராண்ட்ரப்பும் சொன்ன வழி வேறு: பிணைப்பு ஆற்றல் மிக அதிகமாக வரும்படி நியூக்ளியான்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்துப் பார்ப்பது. பூரியும் ஐக்கெலினும் அதை மேலும் வளர்த்திருக்கிறார்கள். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். தனித் தங்கம் ஒரே துண்டாக வந்துவிட்டது; மோதல்களை இன்றிரவு ஓட்டப்போகிறேன்.