ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று

தாம்பரத்திலிருந்து விழுப்புரத்துக்கு மாதம் இரண்டு முறையாவது நானே கார் ஓட்டிச் செல்கிறேன். அப்போது நான் செய்யும் ஒரு காரியம் உடன் வருபவர்களுக்கு விநோதமாகப் படும். முன்னால் செல்லும் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ மேம்பாலத்தின் நிழலையோ கடக்கும் கணத்தில் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு விநாடி ஆகும்படி, நிதானமாக எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் என் வண்டி அந்த இடத்தைத் தொட்டுவிட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன்.

மூன்று விநாடி அதிகம் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆபத்தைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும். அதன் பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, வண்டி நிற்க இன்னும் ஏறத்தாழ 36 மீட்டர் வேண்டும். மொத்தம் எழுபது மீட்டருக்குச் சற்றே குறைவு. மூன்று விநாடியில் நாம் கடக்கும் தூரமும் அவ்வளவுதான். வேகம் 100 ஆனால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் மட்டுமே 56 மீட்டராகிவிடும், ஏனெனில் அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே அந்த வேகத்தில் நான்கு வரை எண்ணுகிறேன். மழையில் ஐந்து, ஆறு.

முன்னால் செல்பவரும் பிரேக் பிடித்துத்தானே நிற்பார், அவருக்கும் தூரம் தேவைப்படுமே என்று கேட்கிறார்கள். அவர் பிரேக் பிடிக்காமல் கடைசி நொடியில் ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அச்சிறுபாக்கம் தாண்டி ஒரு மாலையில் நான் கண்டேன். ஒரு கண்டெய்னர் லாரியின் பின்னால், இரண்டு கார் நீளம்கூட இடைவெளி விடாமல், அதன் கதவுகளை மட்டுமே பார்த்தபடி சென்றுகொண்டிருந்தேன். லாரி சட்டென்று வலப்பக்கம் விலகியது. அது விலகிய இடத்தில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று பழுதாகி நின்றிருந்தது. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தபடியே தார்ச்சாலையை விட்டு இறங்கி, வண்டி குலுங்கி நின்றபோது, ட்ரெய்லருக்கு வெளியே நீண்டிருந்த கரும்பு நுனிகளுக்கும் என் கண்ணாடிக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. காய்ந்த தோகை ஒன்று காற்றில் ஆடிக் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு விலகியது. விளக்கில்லாமல் நிறுத்தியது தவறுதான். ஆனால் எழுபது மீட்டர் தள்ளி வந்திருந்தால் லாரியின் ஓரமாகவே அந்த டிராக்டர் எனக்கு முன்கூட்டித் தெரிந்திருக்கும். இடைவெளி நிற்பதற்கு இடம் தருகிறது என்பதைவிட, பார்ப்பதற்கு இடம் தருகிறது என்பதே எனக்கு அன்று புரிந்தது.

முன்வண்டி திடீரென்று வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாத அளவுக்குப் போதிய தூரம் விட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளே கூறின. எத்தனை மீட்டர் என்பது நம் பொறுப்பு.

இடைவெளி விட்டால் இன்னொருவர் நுழைந்துவிடுவாரே என்பதுதான் நம் ஊரில் எழும் பெரிய ஆட்சேபம். நுழையத்தான் செய்வார். ஒருவர் நுழையும்போது நான் பின்வாங்குவது அதிகபட்சம் மூன்று விநாடி. விழுப்புரம் சேர்வதற்குள் முப்பது பேர் நுழைந்தாலும் இழப்பது ஒன்றரை நிமிடம். ஒரு டீக்கு நிறுத்தினால் அதைவிட அதிகம் ஆகிறது.

பார்க்க இடம் கிடைத்த பிறகு எதைப் பார்ப்பது என்பதை, முப்பது வருடம் லாரி ஓட்டிய என் சித்தப்பாவிடம் கற்றேன். "முன்னாடி போற வண்டிய பாக்காதம்மா, அதுக்கும் முன்னாடி போறத பாரு" என்பார். ஷேர் ஆட்டோவின் பின்னால் செல்லும்போது ஆட்டோவைவிடச் சாலையோரத்தில் நிற்கும் ஆளைக் கவனிக்கச் சொல்வார். அவர் கை உயர்ந்தால் ஆட்டோ நிற்கப் போகிறது, பிரேக் விளக்கு எரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நின்றிருக்கும் பேருந்தைக் கடக்குமுன் அதன் அடியில் தெரியும் கால்களைப் பார்க்க வேண்டும். ஓர் ஆடு சாலையைக் கடந்துவிட்டால் மந்தை முழுவதும் கடக்கப்போகிறது என்றே கொள்ள வேண்டும். தை, மாசியில் கிராமச் சாலைகளில் களமாகப் பரப்பிய கதிர்களின்மேல் டயர் வழுக்கும் என்பதால், வைக்கோல் நிறம் தூரத்தில் தெரியும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அதன்மேல் ஏறிய பிறகு பிரேக்கைத் தொடக் கூடாது.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவரை என்ன செய்வது என்பதற்கும் சித்தப்பாவிடம் பதில் இருந்தது. அவருக்கும் சேர்த்து நாமே முன்னால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டால், திடீர் பிரேக் பிடிக்கும் தேவையே நமக்கு வராது, அவரும் நம்மேல் மோத மாட்டார். நான் அப்படியே செய்கிறேன். விளக்கை அடித்து அவசரப்படுத்தினால் இடப்பக்கத் தடத்துக்கு ஒதுங்கி வழிவிடுகிறேன். அவர் கடந்து சென்றதும், அடுத்த கிலோமீட்டர் கல்லிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்குகிறேன்.