ரெண்டே ரெண்டுதான் சிஸ்டர்

இதய நோய்ப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், அட்மிட் ஆகிறவர்களின் விவரங்களைக் கேட்டு எழுதுவது என் வேலை. "சிகரெட் பழக்கம் உண்டா?" என்றதும் பல ஆண்கள் முதலில் பக்கத்தில் நிற்கும் மனைவியைத்தான் பார்ப்பார்கள். அப்புறம் பதில் வரும்: "ரெண்டே ரெண்டுதான் சிஸ்டர்." சரி, பரவாயில்லை என்று நானும் எழுதிக்கொள்வேன்.

நாற்பதைத் தாண்டிய ஒருவர் நெஞ்சுவலியோடு வந்தார். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கொழுப்பும் அதிகமில்லை. நாளைக்கு இரண்டு சிகரெட், அவ்வளவுதான். ஆஞ்சியோவில் பார்த்தால் ஒரு ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்தது. இவருக்கு எப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். "நுரையீரல் வேணும்னா எண்ணிக்கை பார்க்கும். இதயம் பார்க்காது" என்றார்.

பிறகுதான் தேடிப் படித்தேன். 141 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த ஒரு கட்டுரை என் கணக்கையே புரட்டிப் போட்டது. நாளைக்கு 20 சிகரெட்டால் கூடும் இதயநோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட்டிலேயே வந்துவிடுகிறதாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டவும் குழாயின் உட்சுவர் கெடவும் கொஞ்சம் புகையே போதும். நிகோடின் இதயத்தை வேகமாக ஓடவிடுகிறது. அதற்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். அந்த நேரம் பார்த்து, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

"குறைச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவரிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னமும் சங்கடம்தான். அவர் பட்ட பாடு பொய்யில்லையே. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், கையோடு நல்லதையும். அடியோடு விட்டால் ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தை விட்டுப் போய்விடும். ஓராண்டில், புகையால் கூடிய இதயநோய் அபாயம் ஏறக்குறைய பாதியாகும். மாரடைப்பு வந்தபின் விட்டவர்களுக்கும் மரண அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. முதல் வாரம் கொடுமை. எரிச்சலும் தூக்கமின்மையும் வீட்டையே ஆட்டும். நிகோடின் சூயிங்கம், மாத்திரை என்று துணைக்கு வழிகள் உண்டு, கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

ஓராண்டு கழித்து அந்த மனிதர் பரிசோதனைக்கு வந்தார். அதே கேள்வியைக் கேட்டேன்.

"இல்லை சிஸ்டர்" என்றார், மனைவி பக்கம் திரும்பாமலே. பிறகு சிரித்தார். "எப்போதாவது கனவில் மட்டும்."