கழுத்து நிற்காத பொம்மைகளும் ஒரு மிஷனரி அம்மையாரும்

துணிப் பொம்மை செய்யத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை ஐந்து முடிந்துள்ளன. ஆறாவது இன்னும் மொட்டைத் தலையுடன் இருக்கிறது. முதல் இரண்டையும் யாரிடமும் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை என்றாலும், புதிதாகத் தொடங்குவோருக்கு அவற்றின் தவறுகளே அதிகம் பயன்படும் என்பதால் அங்கிருந்தே எழுதுகிறேன்.

முதல் பொம்மைக்குப் பனியன் துணியை எடுத்தேன். அது எந்தத் திசையில் அதிகம் நீளும் என்பதைப் பார்க்காமல், மிச்சம் கிடைத்த இடத்திலெல்லாம் அச்சை வைத்து வெட்டியதால், பஞ்சு அடைத்தபோது ஒரு கை பருத்தது, மற்றது நீண்டது. இரண்டாவதை நீளாத பருத்தித் துணியில் தைத்தேன். வளைவுகளில் தையலுக்கு வெளியே உள்ள துணியில் சிறு வெட்டுகள் போடாமல் திருப்பியதால் கட்டைவிரல் இருந்த இடத்தில் ஒரு சுருக்கம்தான் மிஞ்சியது. இரண்டுக்குமே கழுத்து நிற்கவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் எண்பது வயதைக் கடந்த ஒரு மிஷனரி அம்மையாருடன் பழக்கம் ஏற்பட்டது. இளம் வயதில் ஊழியத்துக்கென்று புறப்பட்டவர். வாழ்நாளின் பெரும்பகுதியை மருத்துவமனைகளில் செவிலியராகக் கழித்தவர். கிழிந்த படுக்கை விரிப்புகளில் பொம்மை தைத்து, அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தையிடம் கொடுத்து, முதலில் பொம்மைக்குக் கட்டுப்போட்டுக் காட்டிவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவாராம். நான் அவருடைய மதத்தைச் சேர்ந்தவன் அல்லன். தையலுக்கு உட்காருமுன் அவர் கண்மூடி ஜெபிப்பார். அந்த நேரத்தில் நான் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருப்பேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

என் இரண்டாவது பொம்மையின் கழுத்தை அழுத்திப் பார்த்தவர், "போதும் என்று உனக்குத் தோன்றிய பிறகு இன்னும் ஒரு பிடி பஞ்சு வை, தம்பி" என்றார். தலையையும் உடலையும் தனித்தனியே அடைத்துவிட்டுக் கழுத்தைக் கடைசிக்கு விட்டதுதான் என் தவறு. மூன்றாவதில், பஞ்சைச் சிறு சிறு கிள்ளலாக எடுத்து, மழுங்கிய குச்சியால் கன்னத்திலிருந்து மார்பு வரை இடைவெளியின்றி இறுக்கிக்கொண்டே வந்தேன். தலை நிமிர்ந்து நின்றது. உள்ளே ஒரு குச்சியை வைத்துத் தைத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு, குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொருளுக்குள் குச்சி கூடாது என்று மறுத்துவிட்டார். பொத்தான் கண்களையும் அவர் ஏற்பதில்லை. சின்னக் குழந்தை பிய்த்து விழுங்கிவிடும், நூலால்தான் தைக்க வேண்டும். அதில் அவர் சொல்வதே சரி. முகத்தில் முதலில் குண்டூசிகளைக் குத்தி, ஒருநாள் விட்டுப் பார்த்த பிறகே இப்போது கண்களைத் தைக்கிறேன். தலையின் நடு உயரத்துக்குச் சற்றுக் கீழே வந்தால் குழந்தை முகம் அமைகிறது. மேலே ஏறினால் பொம்மைக்கு வயதாகிவிடுகிறது.

சிட்னி கூலிக் என்ற அமெரிக்க மிஷனரியைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். ஜப்பானில் பல ஆண்டுகள் பணியாற்றிய அவருடைய முயற்சியால், 1927இல் அமெரிக்கக் குழந்தைகளின் பெயரில் 12,739 பொம்மைகள் ஜப்பானுக்குப் போயின. பதிலுக்கு அங்கிருந்து 58 பெரிய பொம்மைகள் வந்தன. போர்க்காலத்தில் அந்த அமெரிக்கப் பொம்மைகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன, சில மட்டும் மறைத்து வைக்கப்பட்டுத் தப்பின. அழித்ததை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்ட அம்மையார், மறைத்து வைத்தவர்களைப் பற்றி ஒரு கை தைத்து முடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் தெரிவதில்லை. ஒவ்வொரு முறை விடைபெறும்போதும் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து அவருடைய ஊசிமெத்தையில் குத்திவைத்துவிட்டு வருகிறேன்; அடுத்த முறை போகும்போது எல்லாம் தீர்ந்திருக்கும். ஆறாவது பொம்மையின் தலைமுடிக்கு அவர் பழுப்புக் கம்பளி நூல் என்கிறார், நான் கறுப்பு என்கிறேன். இரண்டு நூற்கண்டுகளும் மேசைமேல் இருக்கின்றன.