ஒடுகத்தூர் நாட்குறிப்பு: தை பிறக்கிற சமயம்

ஜனவரி 7, 2025, செவ்வாய்

விடியும் முன்பே வேலூர்ப் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தையில், விற்கக் கொண்டுபோன மாட்டுக் கயிற்று மூட்டையைப் பிரித்துவிட்டேன். பொங்கலுக்கு முந்தைய செவ்வாய், கேட்கவா வேண்டும்? கால் வைக்க இடமில்லை. என் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஜெர்சி கலப்புப் பசுவுக்குப் பேரம் நடந்தது. தரகர் கையைத் துண்டால் மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை சொன்னார். ஒரு விரல் என்றால் ஆயிரமா பத்தாயிரமா என்று யாரும் கேட்பதில்லை, மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வயசு தெரிய மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்த ஒருவர், "ஆறு பல்லுதான், இன்னும் நாலு ஈத்து தாங்கும்பா" என்றார். துண்டு மறைப்பது விலையை மட்டும்தான். தரகர் தன் கமிஷனை எல்லார் எதிரிலும் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டார்.

உழவு மாடு ஜோடியாக வந்தது மிகக் குறைவு. கறவை மாடுகள்தான் சந்தையை நிறைத்திருந்தன.

ஜனவரி 10, வெள்ளி

இன்று நம்ம ஊர் ஆட்டுச் சந்தை. ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமையில்தான் பிழைக்கிறது என்பது என் கணக்கு. பஜாரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஜவ்வாது மலையிலிருந்து, பீஞ்சமந்தைப் பக்கத்து ஆட்களும் இறங்கி வந்திருந்தார்கள். ஆட்டுக்குத் துண்டு மூடுகிற வேலையெல்லாம் இல்லை. முதுகில் கை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள், கிடாவை ஒருமுறை தூக்கிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆடு விற்ற பணம் சாயங்காலத்துக்குள் அரிசி, எண்ணெய், பிள்ளைகளுக்குத் துணி என்று பஜாரிலேயே இறங்கிவிடும். மலையில் விளைச்சல் படுத்தால் இங்கே என் கல்லாவும் படுத்துக்கொள்ளும்.

"அண்ணே, போன வருசம் இந்தக் கயிறு இன்னா விலை, இப்ப இன்னா விலை சொல்றே?" என்று மலைக்காரத் தம்பி ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். நூல் விலையைச் சொன்னேன், கேட்கவில்லை. கடைசியில் நைலான் கயிறு வாங்கிப் போனார். அது மாட்டின் கழுத்தை அறுக்கும். சொல்லித்தான் கொடுத்தேன்.

வரும்போது இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் ஒரு கிலோ. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வேலூரில் ஊதாவாக இருக்கிற கத்திரி எல்லாமே இலவம்பாடி ஆகிவிட்டது. அசல் காய் காம்பைத் தொட்டாலே குத்தும். களிக்கு இந்தக் காய்க் குழம்புதான் சரி.

ஜனவரி 12, ஞாயிறு

உத்திரகாவிரியில் இன்னும் மெல்லிசாகத் தண்ணீர் ஓடுகிறது. கழனிப் பக்கம் போனேன், டிராக்டர் சத்தம்தான்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். கொம்பு பெயின்ட், கழுத்துக்கயிறு, மணி எல்லாம் காலை பத்து மணிக்குள் காலி. நுகத்தடிக் கயிறு மட்டும் போன வருஷத்துக் கட்டோடு அப்படியே தொங்குகிறது. நைனா காலத்தில் கடையின் முதல் வியாபாரமே அதுதான்.

ஜனவரி 18, சனி

பக்கத்து ஊரில் எருது விடும் விழா. வெளியூர்க்காரர்கள் இதையும் ஜல்லிக்கட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே திமிலைப் பிடித்துத் தொங்குகிற வேலை கிடையாது. இரண்டு பக்கமும் தடுப்பு கட்டிய தெருவில் காளையை ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள். குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த வினாடிகளில் கடந்த காளைக்குப் பரிசு.

2014இல் இந்த மாதிரி காளை விழாக்களுக்கு சுப்ரீம் கோர்ட் தடை வந்ததும், காளைக்குக் கட்டுகிற சலங்கை வியாபாரம் நின்றே போனது. 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அப்புறம்தான் துணிந்து சரக்கு எடுக்கிறேன். இந்தக் காளைகள் ஏர் பக்கமே போகாதவை. வீட்டில் பிள்ளைக்குக்கூட அவ்வளவு பருத்திக்கொட்டை அரைத்து ஊற்றமாட்டார்கள்! கழனிக்கு மாடு வேண்டாம், தெருவுக்கு வேண்டும் என்றாகிவிட்டது. எனக்கு இதில் முழு சந்தோஷம் இல்லை. ஆனால் நாட்டுக் காளை மிஞ்சியிருப்பதே இதனால்தான் என்று ஒரு வளர்ப்பவர் சொன்னபோது மறுக்கவும் முடியவில்லை.

அவரே இரண்டு வரிசைச் சலங்கைக்கு முன்பணம் கொடுத்தார். திங்கட்கிழமை வேலூர் போய் எடுத்துவர வேண்டும்.