குரோஷா அட்டைக்கட்டு: எட்டு அட்டை, அஞ்சு ஓட்டை, ஒரு வளையம்

காட்பாடி ஜங்ஷனில் ரயில் தாமதம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரம். சென்னைக்குப் போகிற மூன்று மணி நேர பஸ். குரோஷா பின்ன இவற்றைவிடத் தோதான பொழுது கிடையாது. ஆனால் அந்த நேரத்தில்தான் "ஷெல்லுக்கு (விசிறி மாதிரியான பின்னல்) எத்தனை செயின் (சங்கிலிக் கண்ணி)?" என்பது மறந்துபோகும். போனில் பார்க்கலாம் என்றால் ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் நூல். வரிசை பாதியில் இருக்கும்போது திரை அணைந்துவிடும். பின்னலுக்கு ஒரு அட்டை என்று கணக்கை எழுதி வளையத்தில் கோத்த அட்டைக்கட்டு மடியில் திறந்தபடி கிடக்கும், சார்ஜ் கேட்காது.

கண்ணி போடக் கற்றுத்தர அட்டையால் முடியாது. அதைக் கை பார்த்துத்தான் பழக வேண்டும், வீடியோவோ பக்கத்து வீட்டு அக்காவோ போதும். அட்டையின் வேலை இரண்டு: மறந்த கணக்கை எடுத்துக் கொடுப்பது, எந்தப் பொருளுக்கு எந்தப் பின்னல் என்று முடிவு செய்ய உதவுவது. கடையில் கிடைக்கும் அட்டைகள் முதல் வேலையை ஓரளவு செய்யும், இரண்டாவதைப் பெரும்பாலும் செய்யாது. அதனால்தான் சொந்தமாகச் செய்துகொள்ளச் சொல்கிறேன்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுங்கள். டபுள் குரோஷே என்ற பெயர் இரண்டு வேறு கண்ணிகளுக்கு இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் சிங்கிள் என்பதைத்தான் பிரிட்டிஷ் கணக்கில் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். பிரிட்டிஷ் கணக்கில் சிங்கிள் என்ற பெயரே இல்லை. பழைய புத்தகம் ஒரு கணக்கு, யூடியூப் பெரும்பாலும் இன்னொரு கணக்கு என்று போய், கலந்து படித்தால் மேஜை விரிப்பு இரண்டு மடங்கு உயரத்தில் வளரும். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பெயரையும் எழுதி, பக்கத்தில் குறியீட்டையும் வரையுங்கள். குறியீடு எந்த ஊர்க் கணக்குக்கும் பொது: செயினுக்கு நீள்வட்டம், ஸ்லிப் கண்ணிக்குக் கறுப்புப் புள்ளி, அமெரிக்க சிங்கிளுக்குப் பெருக்கல் அல்லது கூட்டல் குறி, ஹாஃப் டபுளுக்கு ஆங்கில டி, டபுளுக்கு அந்த டி-யின் தண்டில் ஒரு சாய்கோடு, டிரெபிளுக்கு இரண்டு. இந்தப் பதிவில் நான் சொல்வதெல்லாம் அமெரிக்கக் கணக்கு.

அட்டையின் முன்பக்கம் படம். இங்கே ஒரு ஜெராக்ஸ் தந்திரம். வெள்ளைப் பருத்தி நூலில் 5 செ.மீ. சதுர மாதிரி ஒன்று பின்னி, லேசாக நனைத்து, குண்டூசி குத்தி நேராகக் காயவையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் ஜெராக்ஸ் கண்ணாடிமேல் வைத்து, மேலே ஒரு கறுப்புச் சார்ட் துண்டைப் போட்டு, அளவு மாற்றாமல் 100 சதவீதத்தில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இழையும் எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக விழும். அசல் அளவிலேயே இருப்பதால் கையிலிருக்கும் பின்னலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நிறநூலில் எடுத்தால் சாம்பல் மூட்டமாகத்தான் வரும். பாப்கார்ன் மாதிரி புடைத்த பின்னல்களுக்கு இது சரிவராது: கண்ணாடியைத் தொடாத பகுதி மங்கிவிடும், மூடியை அழுத்தினால் புடைப்பு நசுங்கும். அவற்றை ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுப்பதே மேல்.

பின்பக்கம் எழுத்து. முதல் வரியில் மடங்கு, அதாவது எத்தனை கண்ணிக்கு ஒருமுறை பின்னல் மறுபடி தொடங்கும் என்பது. ஷெல் என்றால் "6-இன் மடங்கு + 1 கண்ணி, அதற்கு மேல் திரும்புவதற்கு 1 செயின்". அடுத்த வரியில், வரிசை திரும்பும்போது எத்தனை செயின் ஏற்ற வேண்டும் என்பது: சிங்கிளுக்கு 1, ஹாஃப் டபுளுக்கு 2, டபுளுக்கு 3, டிரெபிளுக்கு 4. அந்தச் செயின் ஒரு கண்ணியாகக் கணக்கில் சேருமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பின்னல் ஓரம் வரிசைக்கு வரிசை குறுகி முக்கோணமாகப் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். டபுளில் ஏறிய 3 செயின் ஒரு கண்ணி. திரும்பி வரும்போது வரிசையின் கடைசியில் அந்த மூன்றாவது செயினின் தலையிலும் ஒரு டபுள் போட வேண்டும். அது கண்ணியாகவே தெரியாது என்பதால் விட்டுவிடுவார்கள். இருபது வரிசைக்குப் பிறகுதான் கண்ணில் படும், அப்போது பிரிப்பதைத் தவிர வழியில்லை. மூன்றாவது வரியாக, வரிசை முறையைச் சுருக்கமாக எழுதலாம்: "1 சிங்கிள், 2 விடு, ஒரே இடத்தில் 5 டபுள், 2 விடு, 1 சிங்கிள்". அதற்குமேல் வேண்டாம், நிறைய எழுதினால் ஆடுகிற பஸ்ஸில் படிக்க முடியாது.

அளவு. கனமான தாளில் 95 மி.மீ. அகலம், 60 மி.மீ. உயரம் என்று துண்டுகள் வெட்டினால், ஒரு ஏ4 லேமினேஷன் உறைக்குள் இரண்டு பத்தி, நான்கு வரிசையாக எட்டு அட்டை அடங்கும். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் 12 மி.மீ. வெறும் பிலிம் வருகிற மாதிரி அடுக்குங்கள். மற்ற மூன்று பக்கம் 3 மி.மீ. போதும். உறைக்குள் துண்டுகள் நகராமலிருக்க ஒவ்வொன்றின் முதுகிலும் பசைக்குச்சியால் ஒரு பொட்டு வையுங்கள். 125 மைக்ரான் உறை போதும். ஜெல் பேனா மை காயாமல் உள்ளே போனால் சூட்டில் இழுகும். கடை பில் மாதிரியான வெப்பத்தாளை ஒட்டி அனுப்பினால் மொத்தமும் கறுத்துவிடும். வெட்டும்போது தாள் ஓரத்தை ஒட்டி வெட்டாதீர்கள். சித்திரை வெயிலில் வியர்வைக் கை பட்டுப் பட்டு அந்த ஓரம் வழியாக ஈரம் ஏறும். மூலைகளை வளைத்து வெட்டுங்கள், கூர்முனை நூலை மாட்டி இழுக்கும்.

இனி, தேர்வு. தலையிலுள்ள அந்த 12 மி.மீ. பிலிமில் ஆபீஸ் பஞ்சால் எல்லா அட்டையிலும் ஒரே இடங்களில் ஐந்து ஓட்டை போடுங்கள். இடது ஓரத்து ஓட்டை வளையத்துக்கு. மற்ற நான்குக்கும் ஆளுக்கொரு குணம்: சந்து இல்லாதது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிவது, இழுத்தால் நீள்வது, நூல் குறைவாகக் குடிப்பது. ஒரு பின்னலுக்கு அந்தக் குணம் இருந்தால், அந்த ஓட்டையை மேல் விளிம்புவரை கத்தரியால் வெட்டித் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியபடி இருக்கட்டும். கட்டைச் சேர்த்துப் பிடித்து, வளையத்தைக் கழற்றி, வேண்டிய குணத்தின் ஓட்டையில் குரோஷா ஊசியின் வால் பக்கத்தை நுழைத்துத் தூக்கி உலுக்கினால், அந்தக் குணமுள்ள அட்டைகள் மட்டும் கீழே விழும். கொக்கிப் பக்கத்தை நுழைக்காதீர்கள், ஓட்டை விளிம்பில் மாட்டும். விழுந்தவற்றை மட்டும் எடுத்து அடுத்த குணத்துக்கு மறுபடி தூக்குங்கள். கணினிக்கு முன்னால் பல நூலகங்களில் அட்டை பிரித்த முறைதான் இது.

வெயில் காலத்துக்கு ஒரு துப்பட்டா என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நூல் குறைவு என்று இரண்டு முறை உலுக்கினால் வி-கண்ணியும் வலைக்கண்ணியும் விழும். பச்சைக் குழந்தைக்கு விரிப்பு என்றால் முதலில் "சந்து இல்லாதது". வி-கண்ணி பார்க்க அழகுதான், ஆனால் பிஞ்சு விரல் சந்தில் மாட்டும். அடுப்படிப் பிடிதுணிக்கு சிங்கிளும் குழிகுழியான வாஃபிளும் சரி, நூல் மட்டும் பருத்தியாக இருக்கட்டும். அக்ரிலிக் உல்லன் சூடான பாத்திரத்தில் பட்டால் உருகி ஒட்டும். தொப்பி விளிம்புக்கு, கண்ணியின் பின் இழையில் மட்டும் குத்திப் போடுகிற சிங்கிள், நீளும் குணத்தில் வந்து விழும்.

நூல் குடிப்பதை உத்தேசமாக எழுதாதீர்கள். 10 செ.மீ. சதுரம் பின்னி, ஒரு கிராமுக்குக் கீழும் காட்டுகிற சின்னத் தராசில் நிறுத்து, எடையை அட்டையின் மூலையில் குறியுங்கள். சமையல் தராசு 5 கிராமை 4 என்றோ 6 என்றோ காட்டலாம், கணக்கு கவிழும். மாதிரி 5 கிராம் வந்தால், 60-க்கு 90 செ.மீ. விரிப்பு அந்தச் சதுரத்தைப் போல 54 மடங்கு, ஆக 270 கிராம். வேலூர் லாங் பஜாரில் நூல் வாங்கும்போது ஒரு பந்து கூடுதலாகவே எடுங்கள். பிறகு போனால் அதே சாயம் கிடைக்காமல் போகலாம்.

வாசல் தோரணத்துக்கும் இதே மாதிரிதான் கணக்கு. மாதிரியில் நான்கு ஷெல் 5 அங்குலம் வந்தால், மூன்றடி வாசலுக்கு 28.8, முழுதாக 29. 29-ஐ 6-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 175 கண்ணி, திரும்புவதற்கு ஒன்று சேர்த்து 176 செயின். அந்த அடிச்செயினை மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியில் போடுங்கள். இறுக்கமாகப் போட்டால் கீழ்விளிம்பு சுருங்கித் தோரணம் வில்லாக வளையும், எவ்வளவு இஸ்திரி போட்டாலும் நிமிராது.

லேமினேட் செய்த அட்டைமேல் வெள்ளைப்பலகை மார்க்கரால் வரிசைக்கோடு போட்டுக்கொண்டே போகலாம், இறங்கும்போது துடைத்துவிடலாம். மே மாதத்தில் வண்டி சீட்டுக்கு அடியில் மட்டும் விட்டுப் போகாதீர்கள். பிலிம் சூட்டில் சுருண்டால் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நேராக நிற்காது, ஊசி நுழையாது.