வீட்டு வாசல் கேட்ட மாத்தின கதை, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

ஜனவரி 12, 2025, ஞாயிறு

பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்க வந்தவரு காம்பவுண்டு சுவரை முடிச்சிட்டு இரும்பு கேட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னு ஒரு தட்டு தட்டிப் பார்த்தாரு, துரு பொலபொலன்னு கொட்டுச்சு, "இதுக்கு அடிக்கிற பெயிண்ட் தண்டம்க்கா"ன்னுட்டு டப்பாவ மூடிட்டாரு. மாமா 2003ல வீடு கட்டினப்போ போட்ட கேட்டு. பேப்பர் படிக்கிற மாதிரியே உக்காந்திருந்தாரு, ஆனா காதுல விழுந்துடுச்சுன்னு முகத்துலயே தெரிஞ்சுது.

ஜனவரி 19, ஞாயிறு

வீட்ல எல்லாரும் போன்ல டிசைன் பார்த்துட்டு இருக்காங்க. அத்தைக்கு ரெண்டு பக்கமும் மயிலு வச்ச சிஎன்சி கட்டிங் (தகட்டுல மெஷின் வெட்டுற டிசைன்) வேணும், இவருக்கு கறுப்பு கலர்ல ப்ளெயினா வேணும். எனக்கு என்ன கவலைன்னா திறந்தா மூடணும், மூடினா திறக்கணும், அவ்ளோதான்.

டேப் எடுத்துட்டு வெளிய போனேன். கேட்டுல இருந்து வீட்டு சுவர் வரைக்கும் 16 அடி. கேட்டு மொத்தம் 10 அடி, ஆளுக்கு 5 அடின்னு ரெண்டு கதவு, உள்பக்கம் திறக்கும். பழைய மாருதி 800 நீளம் 3335 மில்லிமீட்டர், அதாவது 11 அடிக்கு ஒரு இஞ்சு கம்மி, சுவத்தை ஒட்டி நிறுத்தினா 5 அடி மிஞ்சும், கதவு உரசாம மூடிடும். மாமா அன்னிக்கு கணக்கு பண்ணித்தான் போட்டிருக்காரு. இப்போ இருக்கிற கார் 3995. நாலு மீட்டருக்குள்ள இருந்தா வரி கம்மிங்கிறதால பல கம்பெனிக்காரனும் அஞ்சு மில்லிமீட்டர் விட்டு நிறுத்தி வச்சிருக்கான். அதை உள்ள விட்டா மிச்சம் மூணு அடி கூட இல்ல, 5 அடி கதவு எப்படி மூடும்? தீபாவளிலேர்ந்து செயின் போட்டு இழுத்துக் கட்டி பாதி திறந்தேதான் கிடக்கு, தெருநாய் குடும்பமே காருக்கு அடியில குடித்தனம் பண்ணுது.

இது போதாதுன்னு ரோடு. தார் மேல தார் போட்டுப் போட்டு ரோடு உசந்துடுச்சு, மழைத்தண்ணி உள்ள வந்துச்சுன்னு 2019ல கார் நிறுத்துற இடத்த உசத்தி கிரானைட் போட்டோம். உள்ள போகப் போக தரை ஏறுது, அதனால பழைய கதவு பாதி திறக்கும்போதே கல்லுல உரசும். வெளிப்பக்கம் திறக்கற மாதிரி வைங்கன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க. ரோட்டுப் பக்கம் திறக்கக் கூடாது, கேட்டு நம்ம இடத்துக்குள்ளதான் திறக்கணும். எவனாவது பைக்ல வந்து இடிச்சா யாரு பதில் சொல்றது?

ஜனவரி 26, ஞாயிறு

பக்கவாட்டுல தள்ளுற ஸ்லைடிங் கேட்டுதான்னு முடிவு. நம்ம சைட்டு 30க்கு 40, முன்பக்கம் 30 அடி, 10 அடி கேட்டு ஒதுங்கி நிக்க இன்னொரு 10 அடிக்கு மேல சுவர் வேணும், அது இருக்கு. சின்ன கேட்டு அந்தப் பக்கம்தான் இருக்கு, பெரிய கேட்டு திறந்திருக்கும்போது சின்னது மறைஞ்சுடும், பரவால்ல, பெரியதே திறந்திருக்கும்போது சின்னது எதுக்கு.

சிக்கல் சம்ப்பு மூடி, அதான் தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டியோட மூடி. கேட்டு திறந்து நிக்கிற லைன்லயே அது பாதி வருது. டேங்கர் வந்தா பைப் போடணும், 2024 கோடையில தண்ணிக்குப் பட்ட பாட்டுக்கப்புறம் சம்ப்பு மூடிய மறைக்கிற எதுக்கும் இந்த வீட்ல ஓட்டு விழாது. ட்ராக்க சுவத்துக்கு நெருக்கி நாலு இஞ்சு தள்ளினா மூடி தப்பிக்கும்னு மாமா சாக்பீஸ்ல கோடு போட்டுட்டாரு.

பிப்ரவரி 1, சனி

ரெண்டு மூணு கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு ஒண்ண காமிச்சு காந்தத்த வச்சு, "பாருங்க மேடம் ஒட்டல, சுத்தமான 304"ன்னாரு. மாமா தூரவாணிநகர் ஐடிஐ டெலிபோன் பேக்டரி டூல் ரூம்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, சும்மா இருப்பாரா, "தம்பி, 202 கூடத்தான் ஒட்டாது, இது 304னு காந்தம் எப்படிச் சொல்லும்"னு கேட்டாரு. ரெண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்தான், 202ல நிக்கல் கம்மி, மாங்கனீஸ் ஜாஸ்தி, வெலை கம்மி, துருவுக்கு அவ்ளோ தாங்காது, ஆனா காந்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். கடைக்காரர் டீ சொல்லி அனுப்பினாரு.

அடுத்த கடையில 16 கேஜ்னு சொல்லி ஒரு பாக்ஸ் பைப் துண்டு குடுத்தாங்க. மாமா சட்டைப் பையில இருந்து கனம் அளக்கிற வெர்னியர எடுத்தாரு (கல்யாண வீட்டுக்கும் அது கூடவே வரும்). 16 கேஜ்னா 1.6 மில்லிமீட்டர் இருக்கணும், காமிச்சது 1.2, அது 18 கேஜ். எடை போட்டு விக்கிறவன் எதுக்கு மெலிசு குடுக்கப் போறான்னு நீங்க கேப்பீங்க, இவங்க எடைக்கு விக்கல, சதுர அடிக்கு ரேட் சொல்றாங்க, மெலிசா போட்டா இரும்பு மிச்சம், அங்கதான் விஷயம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிருஷ்ணகிரிக்காரர் ஒருத்தர் ஹொரமாவு பக்கம் வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு, கிலோ கணக்குக்குத்தான் செய்வேன், எடை மேடையில உங்க கண்ணு முன்னாடி போடுறேன்னாரு, அவரையே பிடிச்சுக்கிட்டோம்.

அத்தையோட மயிலுக்கு 3 எம்எம் தகடு போடலாம்னாரு. நான் உக்காந்து கணக்கு போட்டேன், இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 7.85 கிலோ. 10க்கு 5 கேட்டுன்னா தகடு மட்டுமே 110 கிலோகிட்ட வருது, ஃப்ரேம் தனி. 2 எம்எம் போட்டா 73. அத்தை காலைல பால் வாங்க தள்ளணுமில்ல. 2 எம்எம், ஒரே ஒரு மயிலு, மேல பாதி கம்பி. அத்தை ஒத்துக்கிட்டாங்க, ஆனா தோகை பெருசா இருக்கணுமாம்.

ட்ராக்குல ரெண்டு வகை சொன்னாரு. தரைக்குள்ள பள்ளமா பதிக்கிறது பார்க்க அழகு, கால் தட்டாது, ஆனா மண்ணு சேரும். இன்னொண்ணு எல் ஆங்கிள குப்புறக் கவுத்து கூரை மாதிரி வைக்கிறது, அதுமேல வி வெட்டின சக்கரம் ஓடும், மண்ணு நிக்காது, ஆனா ஒரு இஞ்சு துருத்திக்கிட்டு நிக்கும். கவுத்ததையே வைங்கன்னேன். அதுக்கு உள்பக்கம் குறுகலா ஒரு வாய்க்கா எடுத்து கிரேட்டிங் மூடி போட்டு தண்ணிய ரோட்டு ட்ரெயினுக்கு விடணும், இல்லன்னா அந்த ஒரு இஞ்சே அணைக்கட்டாயிடும்.

பிப்ரவரி 15, சனி

தைப்பூசத்துக்கு ஊருக்குப் போன வெல்டர் இன்னும் வரல. போனும் எடுக்கல.

பிப்ரவரி 22, சனி

வந்துட்டாரு. பவுடர் கோட்டிங்னா (பெயிண்ட்ட பவுடரா அடிச்சு சூட்டுல உருக வைக்கிறது) எல்லா வெல்டிங்கும் முடிஞ்ச அப்புறம்தான் அனுப்பணும், 180, 200 டிகிரில அடுப்புல வேக வைப்பாங்க, அப்புறம் வீட்ல வந்து ஒரு இடத்துல வெல்டிங் வச்சா அந்த இடம் கருகி அங்கேர்ந்தே துரு ஆரம்பிக்கும். அதனால சக்கரம், கைப்பிடி, கொண்டி எல்லாம் போல்ட்டு. இவருக்கு ரிமோட் மோட்டார் வேணும்னு ஒரே அடம், இப்போ வேண்டாம், ஒயருக்கு பைப் மட்டும் தரையில பதிச்சு வச்சுக்கலாம்னு சமாதானம் ஆச்சு.

மார்ச் 8, சனி

கேட்டு வந்துச்சு. டெம்போலேர்ந்து இறக்க ஆறு பேர். ட்ராக்க முந்தின வாரமே கான்கிரீட்ல பதிச்சு ஆற விட்டிருந்தாங்க, மாமா அதுமேல ட்யூப் லெவல் வச்சு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தண்ணி சமமா நிக்குதான்னு பார்த்துட்டுதான் வழி விட்டாரு. கொஞ்சம் சாஞ்சிருந்தாலும் கேட்டு தானா உருண்டு ஓடும்.

நான் விடாம நின்னது ஒரே விஷயத்துக்கு: ரெண்டு கோடியிலயும் ஸ்டாப்பர், மேல கேட்டு சாயாம பிடிச்சுக்கிற கைடு ரோலர். ஸ்டாப்பர் இல்லாம வேகமா தள்ளினா கேட்டு ட்ராக்க விட்டு வெளிய வந்து அப்படியே சாயும், அந்த கனத்துக்குக் கீழ ஒரு குழந்தை இருந்தா நினைச்சுக்கூட பார்க்க முடியாது. வெல்டர் "அப்புறமா வந்து வைக்கிறேன்க்கா"ன்னாரு, இப்பவே வைங்க, அது வரைக்கும் பணம் செட்டில் ஆகாதுன்னேன். வச்சாரு. அப்புறம் இவரு வேணும்னே ஓங்கித் தள்ளிப் பார்த்தாரு, டமார்னு மோதி நின்னுச்சு, தெருவே எட்டிப் பார்த்துச்சு.

அத்தை ஒத்தைக் கையால தள்ளிட்டாங்க. கூடவே ஆங்கிள்ல கால் விரல இடிச்சுக்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க.

மே 19, திங்கள்

நேத்து ராத்திரி மழை கொட்டித் தீர்த்துடுச்சு, ஹொரமாவு சாய் லேஅவுட்ல படகு விட்டிருக்காங்க. எங்க தெருவுல முழங்காலுக்கு கீழதான், அதுவே போதும் போதும்னு ஆச்சு. காலைல கிரேட்டிங்க தூக்கி ஒரு பக்கெட் சேறு அள்ளினேன், கேட்டு ஓடுது. எதிர் வீட்ல பள்ளமா பதிச்ச ட்ராக், சேறு இறுகி கேட்டு நகரல, அவங்க ஆபீஸ் போற காரு உள்ள மாட்டிக்கிச்சு, கம்பி வச்சு நோண்டிட்டு இருந்தாங்க. நம்ம வெல்டர் நம்பர் கேட்டாங்க. குடுத்தேன், அடுத்த பண்டிகைக்குள்ள பிடிச்சுடுங்கன்னும் சொல்லி வச்சேன்.