நிலாவுக்குப் போற காசில் நாலு பள்ளிக்கூடம்...

சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி. "இந்தக் காசில் பள்ளிக்கூடம் கட்டலாமே" என்று இன்றைக்கும் ஒரு அண்ணன் கமெண்ட் போட்டிருக்கிறார். கட்டலாம்தான். ஆனால் 2024-25 பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 13,000 கோடி. ஒன்றிய அரசின் மொத்தச் செலவில் நூறு ரூபாய்க்கு முப்பது காசுகூட வராது. பள்ளிக்கூடம் இல்லாததற்குக் காரணம் அந்த முப்பது காசு இல்லை அண்ணே.

1999இல் ஒடிசா புயலில் செத்தவர்கள் பத்தாயிரம் பேர்வரை. 2013இல் பைலின் புயல் அதே ஒடிசாவில் கரையேறியபோது பலி ஐம்பதுக்கும் கீழே. லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். புயல் பாதுகாப்பு மையங்களுக்கும் அதில் பங்கு உண்டு, எல்லாப் பெருமையும் செயற்கைக்கோளுக்கு இல்லை. ஆனால் புயல் எங்கே வருகிறது என்று மேலிருந்து பார்க்க ஒன்று வேண்டுமே?

எனக்குக் கோபம் வேறு இடத்தில். 2017 ஒக்கி புயல். மேலே செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டத்து மீனவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கும் கரைக்கும் சேதி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர் கருவியை இஸ்ரோவே வடிவமைத்திருக்கிறது. ராக்கெட் செலவைக் குறைக்கச் சொல்வதைவிட, அந்தக் கருவி எத்தனை படகில் ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். அந்தச் சண்டைக்கு நானும் வருகிறேன்.